அவசரம் இல்லாத காகிதங்கள்

திருப்பதியில் என் மகள் வள்ளிக்குச் சீமந்தம் நடந்த அன்று, அவள் மாமியார் சுந்தரம்மா அத்தனை பேர் முன்னால் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

"பொண்ண அழச்சிக்கினு போறேன்னு சொல்றீங்களே வதினா, எங்க படுக்க வெப்பீங்க? காகிதத்து மேலயா?"

வதினா என்றால் தெலுங்கில் அண்ணி. சுந்தரம்மா வீட்டிலும் தமிழ்தான். ஆனால் அது திருப்பதியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ். பாதி வார்த்தை இங்கிருந்து வரும், பாதி அங்கிருந்து வரும், எது எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது. அன்று அவள் கேட்டதில் மட்டும் எனக்குப் புரியாத வார்த்தை ஒன்றுமில்லை. சந்தனம் பூசிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிட்டது.

அவள் கேட்டது பொய்யாக இருந்திருந்தால் அங்கேயே நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். எங்கள் வீட்டில் கதவு வைத்துச் சாத்தக்கூடிய அறை ஒன்றே ஒன்று. வள்ளியை நான் பெற்றதும் அந்த அறையில்தான். கல்யாணப் பேச்சுக்கு வந்த சுந்தரம்மா, சேலை மாற்ற இடம் தேடி அந்தக் கதவைத் திறந்து பார்த்துவிட்டாள். உள்ளே ஒரு ஆள் திரும்பி நிற்க இடமில்லை. தரையிலிருந்து உத்தரம் வரைக்கும் காகிதம். பார்த்தவள் மறப்பாளா?

"வர்ற வெள்ளிக்கெழம நானே வந்து பாக்கறேன். எடம் இருந்தா பொண்ணு உங்க ஊட்டுக்கு வரட்டும். இல்லன்னா இங்கயே ஆவட்டும்" என்று சுந்தரம்மா முடித்துவிட்டாள். மருமகன் சிவசங்கரன் தங்கமான பிள்ளை, ஆனால் தாய் பேசும்போது மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான். அன்றும் சுவரைத்தான் பார்த்தான்.

கிளம்பும்போது வள்ளி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குப் பயமா கீதும்மா. அந்த நேரத்துல நீ என் பக்கத்துல இருக்கணும். வேற யாரும் வேணாம்."

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது ஊருலக வழக்கம். அந்த வழக்கம் போனால்கூடப் போகட்டும், பெற்ற பெண் பயமாக இருக்கிறது என்று முந்தானையைப் பிடித்த பிறகு வெறுங்கையோடு பஸ் ஏறுவதை எந்தத் தாயால் பொறுக்க முடியும்? புத்தூர் தாண்டும்வரை அழுதேன். அதற்கப்புறம் ஊர் வந்து சேரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேன். வீட்டில் இருக்கிற மனிதரைக் கடிக்க வேண்டியது, அதற்கு ஒத்திகை.

புருஷன் பெயரைச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. ஊரார் நாராயணசாமி என்பார்கள். எனக்கு அவர் வள்ளி நைனா, அதாவது வள்ளியின் அப்பா. எங்கள் ஊர் சத்தியவேட்டுக்குப் பக்கம். அப்போது நாங்கள் சென்னை ராஜ்யத்தில் இருந்தோம். ஆந்திரா தனி ராஜ்யமாகப் பிரிந்ததிலிருந்து, எல்லைக்கோடு எந்த வயல் வழியாகப் போகும் என்பதுதான் டீக்கடையில் பேச்சு. எங்கள் ஊர் தமிழ் ஊர் என்று நிரூபிக்க வேண்டும், அதற்கு அத்தாட்சி வேண்டும் என்று ஒரு கூட்டத்தில் யாரோ பேசினார்கள். மற்றவர்கள் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். வள்ளி நைனா சைக்கிளை எடுத்துக்கொண்டு அத்தாட்சி சேர்க்கக் கிளம்பினார். கூட அவருடைய சேக்காளி தாமோதரன்.

தமிழில் எழுதியது எதுவானாலும் அவர்களுக்கு அத்தாட்சிதான். மனுவின் நகல், கூட்டத்து நோட்டீஸ், செய்தித்தாள், அதெல்லாம் சரி. கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, தெருக்கூத்து நோட்டீஸ், பஞ்சாங்கம், சோப்பு சுற்றிய உறை, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எழுதிக் கோட்டை விட்ட பரீட்சைப் பேப்பர், எல்லாம் வந்தது. வரதய்யபாளையம், தடா என்று சைக்கிள் போகிற இடமெல்லாம் போய், "ஊட்ல தமிழ்க் காகிதம் எதுனா கீதா?" என்று வாசல் வாசலாகக் கேட்டார்கள். பழைய பேப்பர் வாங்குகிறவர் என்று நினைத்துத் தராசு எங்கே என்று கேட்டவர்களும் உண்டு.

கடைசியில் கோடு போட்டார்கள். திருத்தணி அந்தப் பக்கம், சென்னை ராஜ்யத்துக்குப் போயிற்று. எங்கள் ஊர் இந்தப் பக்கம், ஆந்திராவில் சித்தூர் ஜில்லாவுக்கு வந்துவிட்டது. அதைப் பார்க்கத் தாமோதரன் இல்லை. முந்தின மழைக்காலத்துக் காய்ச்சலில் போய்விட்டான். வள்ளி நைனா சைக்கிளைச் சுவரில் சாத்தினார், சாத்தியதுதான்.

அதிலிருந்து தெலுங்கில் எழுதிய காகிதம் எதுவும் எங்கள் நிலைப்படி தாண்டக் கூடாது என்று ஆயிற்று. கிஸ்தி ரசீது தெலுங்கில் வந்தால் மாட்டுக் கொட்டகைக் கூரையில் செருகிவிடுவார். யாராவது தெலுங்கில் பேசினால் அவருக்குக் காது கேட்காது. சந்தையில் நான் தெலுங்கில் கத்தரிக்காய் பேரம் பேசும்போது, என்னை யாரென்றே தெரியாதவர் மாதிரி தள்ளிப் போய் நிற்பார். பேரம் படிந்ததும் பையைத் தூக்க மட்டும் வருவார்.

சீமந்தத்திலிருந்து திரும்பிய அன்றே பிடித்துக்கொண்டேன். "கோடு போட்டு முடிஞ்சிபோச்சி. இனிமே இத யார்கிட்ட காட்டப் போறீங்க? வேணுங்கறத ஒரு பக்கம், வேணாங்கறத ஒரு பக்கம் பிரிச்சி வெய்யிங்க."

மறுப்புச் சொல்லாமல் மறுநாளே உட்கார்ந்தார். எனக்கே ஆச்சரியம். காலையில் உட்கார்ந்தவர் பொழுது சாயும்வரை எழுந்திருக்கவில்லை. ஒவ்வொரு காகிதத்தையும் படிக்கிறார், சிரிக்கிறார், பெருமூச்சு விடுகிறார், பக்குவமாக மடித்து வைக்கிறார். விளக்கு வைக்கும் நேரத்துக்குப் போய்ப் பார்த்தேன். வேண்டாத பக்கத்தில் ஒரே ஒரு காகிதம் கிடந்தது. எப்படியோ உள்ளே வந்துவிட்ட தெலுங்கு சினிமா நோட்டீஸ். வேண்டிய பக்கத்தில், என் அடுக்களையில் மிளகாய் மடித்து வைத்திருந்த பேப்பரும் புதிதாகச் சேர்ந்திருந்தது.

"கொளுத்திடலாம்" என்றேன்.

"சரஸ்வதிய எவளாவது கொளுத்துவாளா?" என்றார். காலில் காகிதம் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற குடும்பம் எங்களுடையது. எனக்கும் அதற்கு மேல் வாய் எழவில்லை.

"அப்ப எடைக்குப் போடலாம்."

"தாமோதரன் வெச்ச கைநாட்டுல பக்கோடா மடிச்சி துன்றதுக்கா?"

அவர் சொன்னது, ஊரே கைநாட்டு வைத்த மனுவை. ஒன்று மேலே சர்க்காருக்குப் போயிற்று, இன்னொன்றை மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்தார். அதில் முதல் கைநாட்டு தாமோதரனுடையது. நான் எழுந்து போய் உலையைப் பார்த்தேன். கோபமாக இருக்கிற ஆளோடு சண்டை போடலாம், துக்கமாக இருக்கிற ஆளோடு என்ன சண்டை போடுவது?

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் சுந்தரம்மா வந்து இறங்கினாள். ஒரு கையில் லட்டுப் பிரசாதம், ஒரு கையில் கீரைக்கட்டு. வந்தவள் தண்ணீர்கூடக் குடிக்காமல் நேராகப் போய் அந்தக் கதவைத் திறந்தாள். அவளை வரவேற்க உள்ளேயிருந்து ஒரு தேள் வந்தது. அவள் செருப்பைக் கழற்றி ஒரே அடி. எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை உள்ளே வாங்கிக்கொள்ளக் கூடாதா என்று இருந்தது.

வள்ளி நைனா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். திட்டு விழப் போகிறது என்றுதான் அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன். ஆனால் சுந்தரம்மா திட்டவில்லை. உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்.

"அண்ணா, இந்தக் காகிதம்லாம் அவசரமா?"

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும். தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. இவையெல்லாம் தேவையா என்பதுதான் அவள் கேட்டது. தமிழில் அவசரம் என்றால் என்னவென்று உங்களுக்கே தெரியும். வள்ளி நைனா காதில் விழுந்தது தமிழ். அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. ஒரு வாரமாக நான் 'சீக்கிரம், சீக்கிரம்' என்று உயிரை வாங்கிக்கொண்டிருக்க, திருப்பதியிலிருந்து வந்த சம்பந்தி 'இதற்கென்ன அவசரம்' என்கிறாள்!

"அவசரமே இல்லம்மா" என்றார். "ஒண்ணுகூட அவசரம் இல்ல."

"அப்ப சரே" என்றாள் சுந்தரம்மா.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவர் கழனிக்குக் கிளம்பினார். என்னைத் தாண்டும்போது தாழ்ந்த குரலில், "நல்ல பொம்பள. உன்ன மாதிரி பறக்கல, பாரு" என்று சொல்லிவிட்டு வேறு போனார்.

நான் மோர் கலக்கிக்கொண்டிருந்தேன். அவள் கேட்டதும் எனக்குப் புரிந்தது, அவர் சொன்னதும் புரிந்தது. அந்த வீட்டில் அந்த நிமிஷத்தில் இரண்டும் புரிந்தவள் நான் ஒருத்திதான். வாயில் கொழுக்கட்டை வைத்திருக்கிறவள் மாதிரி ஒரு வார்த்தை பேசாமல் மோர்ச் சொம்பைச் சுந்தரம்மாவிடம் நீட்டினேன்.

அவள் மோரைக் குடித்து முடித்ததும் சேலையை இழுத்துச் செருகினாள். "எங்க ஊட்ல காகிதத்த வீசவும் மாட்டோம், கொளுத்தவும் மாட்டோம் வதினா. ஊற வெச்சி வெந்தயம் போட்டு இடிச்சா மொறம் மெழுகலாம், கூடை மெழுகலாம். சரஸ்வதி தண்ணிக்குப் போனா தப்பில்ல. மாட்டுத் தொட்டி காலியா கீதா?"

எங்கள் பக்கம் மூங்கில் முறத்தை ஓட்டை அடைக்க மெழுகிக் காயவைப்பது உண்டு. ஆனால் அறை நிறைந்த காகிதத்தைப் பார்த்து முறம் முறமாக எண்ணியவளை நான் அன்றுதான் பார்த்தேன். அவள் கட்டுக் கட்டாகச் சுமந்து போய்த் தொட்டியில் போட்டுத் தண்ணீர் இறைத்தாள். நான் முன்னால் ஓடி, எங்கள் வீட்டுக் காகிதம் எது என்று பொறுக்கினேன். நிலத்துப் பட்டா, பழைய கிஸ்தி ரசீது, வீட்டுப் பத்திரம், வள்ளியின் பள்ளிக்கூடத்துச் சர்ட்டிபிகேட், எங்கள் கல்யாணப் பத்திரிகை. எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் அடங்கிவிட்டது, மூடியும் போட வந்தது. எனக்குச் சிரிப்பாக இருந்தது. இந்த ஒரு டின்தான் எங்கள் குடும்பம். மற்ற அத்தனையும் ஊர்க்காரர்களுடையது.

மஞ்சள் துணிக் கட்டை எடுத்து வைக்க வேண்டும் என்று நினைவு வந்து தேடினேன். துணி மட்டும் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. "நல்ல துணியாச்சேன்னு அலசிப் போட்டேன் வதினா" என்றாள் சுந்தரம்மா. தொட்டியை எட்டிப் பார்த்தேன், அந்த மனு எந்தக் கட்டுக்கு அடியில் போயிற்றோ தெரியவில்லை.

பொழுது சாயும்போது வள்ளி நைனா வந்தார். அறைக் கதவு திறந்திருந்தது. தரை சாணமிட்டு மெழுகியிருந்தது. சன்னல் என்று ஒன்று அந்த அறையில் இருந்ததே எங்களுக்கு மறந்துபோயிருந்தது. அதன் வழியாக வெயில் உள்ளே விழுந்து கிடந்தது. அவர் அதைப் பார்த்தார், பிறகு தொட்டியைப் பார்த்தார். தண்ணீர் மை கலந்து நீலமாக நின்றது.

"யாரு செஞ்சது?"

"நான்தான் அண்ணா" என்றாள் சுந்தரம்மா சந்தோஷமாக. "நீங்கதான சொன்னீங்க, ஒண்ணுகூட அவசரம் இல்லன்னு."

"அவசரம் இல்லன்னுதான சொன்னேன்!"

"அதத்தான் நானும் சொல்றேன்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இனிமேலும் ஊமையாக இருக்க முடியாது. அவள் பக்கத்து அவசரம் என்ன, அவர் பக்கத்து அவசரம் என்ன என்று நான்தான் பிரித்துச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் சுந்தரம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

"நான் தமிழ்லதான சொன்னேன்" என்றார் அவர்.

"நானும் தமிழ்லதான அண்ணா கேட்டேன்" என்று அவள் அழுதுவிட்டாள். "எங்க ஊட்ல நாங்க பேசற தமிழு இதுதான். வேற தமிழு எனக்குத் தெரியாது."

அவர் தமிழ் எதுவரைக்கும் இருக்கிறது என்று கோடு தேடி சைக்கிளில் அலைந்த மனிதர். அவர் தேடிய கோட்டுக்கு ரொம்பத் தள்ளியிருந்து வந்த தமிழ், அவர் வீட்டு முற்றத்தில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தது. அவளையே கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினார்.

கைநாட்டு மனு அடியிலிருந்து வந்தது. உள்ளங்கையில் ஏந்தி வெளிச்சத்தில் பிடித்தார். பேனாவால் எழுதிய மனு முழுவதும் கரைந்துவிட்டது. ஐயா என்றும் இல்லை, இப்படிக்கு என்றும் இல்லை. ஆனால் கைநாட்டுகள் அப்படியே இருந்தன. அது வேறு மை, எண்ணெய் மை, தண்ணீர் அதை ஒன்றும் செய்யவில்லை. வெறும் தாளில் வரிசை வரிசையாக ஊர் மக்களின் பெருவிரல்கள்.

"தாமோதரன்" என்று முதல் ரேகையைத் தொடாமல் காட்டினார். அப்புறம் அந்தத் தாளை மஞ்சள் துணியின் மேல் விரித்து வைத்துவிட்டு, சுந்தரம்மாவைப் பார்த்துச் சொன்னார். "ஆமாம்மா. நீயும் தமிழ்லதான் கேட்ட. அழாத." என் பக்கம் திரும்பிக் கேட்டார். "வள்ளிய என்னிக்கி அழச்சிக்கினு வரப் போற?"

நான் சுந்தரம்மாவைப் பார்த்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலுக்காக அவள் காலில் விழுந்திருப்பேன், அவள் என்னைவிட வயதில் சின்னவள் என்பதால் விட்டேன்.

காகிதம் ஊறிக் குழைந்ததும் உரலில் போட்டு இடித்தது வள்ளி நைனாதான். யாரையும் கிட்டே விடவில்லை. சொற்கள் எல்லாம் போய், கல்யாணப் பத்திரிகைகளின் மஞ்சள் மட்டும் கூழில் லேசாக நின்றது. முதல் முறத்தை அவரே மெழுகினார். கூழ் காய்வதற்கு முன் அதன் நடுவில் அந்தக் கைநாட்டுத் தாளை ஒட்டி, வெந்தயப் பசையைத் தடவி நீவிவிட்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. எங்கள் வழக்கம் தெரிந்த யாரும் கேட்க மாட்டார்கள்.

வள்ளிக்கு அந்த அறையில்தான் வலி எடுத்தது. மருத்துவச்சி பொன்னியம்மா முன்னால், நான் பின்னால். மகள் என் இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "போயிடாதம்மா, போயிடாதம்மா" என்று கத்திக்கொண்டே இருந்தாள். நான் எங்கே போவேன்? காகிதம் அடைத்துக் கிடந்த இடத்தில் உட்கார்ந்து என் பெண்ணின் முதுகைத் தாங்கிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்திலும் சுந்தரம்மாவை மனசுக்குள் ஆயிரம் தடவை கும்பிட்டேன். பெண் குழந்தை பிறந்தது.

பிறந்த பிள்ளையை முதலில் முறத்தில் போட்டு எடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். புதுமுறத்தில் நெல் பரப்பி, அதன் மேல் அந்த மஞ்சள் துணியை விரித்துக் குழந்தையைப் போட்டோம். வள்ளி நைனா வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். "தல பக்கம் தாமோதரன் கீறான்" என்றார். "ஊரே அடியில கை குடுத்துக்கினு கீது." சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். எத்தனையோ பேரிடம் மனு கொடுத்தும் பலிக்காத அந்தக் கைநாட்டுகள், இங்கே என் பேத்தியைத் தாங்கப் பலித்துவிட்டன என்று எனக்குத் தோன்றிற்று. நான் வாய்விட்டே அழுதேன்.

தீட்டுக் கழிந்த பிறகு ஒரு நாள், குழந்தை பிறந்ததைப் பதிவு செய்ய ஊர் முனிசீப்பிடம் போனவர், ஒரு துண்டுக் காகிதத்தோடு திரும்பினார். பேத்தியைப் பார்க்க வந்திருந்த சுந்தரம்மா முற்றத்தில் உட்கார்ந்து அவளுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர் நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றார். காகிதம் தெலுங்கில் இருந்தது. அவர் கண் மாட்டுக் கொட்டகைக் கூரைப் பக்கம் போவதை நான் பார்த்தேன்.

எனக்கு இருக்கிற வாய் சும்மா இருக்குமா? சுந்தரம்மா கேட்ட மாதிரியே, அதே மரியாதையோடு கேட்டேன்.

"இந்தக் காகிதம் அவசரமா?"

அவர் என்னைப் பார்த்தார், சுந்தரம்மாவைப் பார்த்தார். அவள் கால்மேல் படுத்து எண்ணெய் மினுங்கக் கைகாலை உதைத்துக்கொண்டிருந்த பேத்தியைப் பார்த்தார்.

"அவசரம்" என்றார். "ரொம்ப அவசரம்."

சொல்லிவிட்டு, கொஞ்சமும் அவசரப்படாமல் நிலைப்படி தாண்டி உள்ளே வந்து, பிஸ்கட் டின்னைத் திறந்து, அதில் எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் காகிதத்தை வைத்து மூடினார்.